துரைக்குக் காவல் இருந்தவர்

பூட்டைப் பூட்டிவிட்டு, அதை இழுத்துப் பார்க்காமல் நடந்துவிடுகிற ஆட்களை ஏட்டையாவுக்குப் பிடிக்காது. தம் வீட்டுப் பூட்டை மட்டுமல்ல, எங்கள் வீட்டுப் பூட்டையும் இழுத்துப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நாங்கள் திரும்பும்போது வாசலில் நின்றுகொண்டு, “பூட்டு நல்லா விழுந்துதான் இருக்கு தம்பி. நடுவுல ஒருக்கா வந்து பாத்துக்கிட்டேன்” என்று அறிக்கை கொடுப்பார். அந்த அக்கறைக்கு நன்றி சொல்வதா, அதைக் கண்டு சங்கடப்படுவதா என்று எனக்கும் என் மனைவிக்கும் கடைசிவரை தெரியவில்லை.

அவர் ஓய்வு பெற்ற ஹெட் கான்ஸ்டபிள். அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். சிவகாசியில் எங்கள் தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. பால்காரர் முதல் பள்ளிப் பிள்ளைகள் வரை எல்லாருக்கும் அவர் ஏட்டையாதான். காக்கியைக் கழற்றிய பிறகும் இடுப்பில் அந்தப் பழைய அகலத் தோல் வாரை வேட்டிக்கு மேல் கட்டியிருப்பார். அதில் சாவிக்கொத்து தொங்கும். சைக்கிளைச் சங்கிலி போட்டு ஜன்னல் கம்பியோடு பிணைத்திருப்பார். கிணற்றுக்கு இரும்பு மூடி போட்டு அதற்கும் ஒரு பூட்டு. வெயிலில் காயும் வற்றலுக்குக்கூட வலைப் பெட்டி உண்டு. அதற்குப் பூட்டு இல்லாததை ஒரு குறையாகவே நினைத்தார்.

“உள்ள இருக்கிறவரைக்கும் நம்ம பொறுப்பு. வெளிய போயிட்டா யாரு பொறுப்பு, சொல்லுங்க” என்பார். இந்தக் கேள்வியை வற்றலுக்கும் கேட்பார், சைக்கிளுக்கும் கேட்பார்.

அவர் மனைவியை நான் பார்த்ததில்லை. நாங்கள் அந்தத் தெருவுக்குக் குடிவருவதற்கு முன்பே அந்த அம்மா இறந்துபோயிருந்தார். பின்வீட்டுப் பேச்சியக்காதான் ஒருநாள் சொன்னாள். தீப்பெட்டி ஆபீஸ் என்று எங்கள் ஊரில் சொல்லும் தொழிற்சாலையிலிருந்து கூலிக்குப் பெட்டி ஒட்ட வாங்கிவந்து, பசைச் சட்டியும் நீலத்தாளுமாக நாள் முழுதும் உட்கார்ந்திருப்பவள் அவள். வாய் மட்டும் ஓய்வதில்லை.

“ஏட்டையா வீட்டம்மாவ ஜன்னல் கம்பிக்கு அங்கிட்டுத்தான் பாத்திருக்கோம், அண்ணாச்சி. செத்து வெளிய கொண்டாந்த அன்னைக்குத்தான் இந்தத் தெருவே அவுக மொகத்த முழுசாப் பாத்துச்சு.”

“கொடுமைப்படுத்தினாரா?”

“அய்யய்ய, அப்படிச் சொன்னா நாக்கு அழுகிப்போகும். உள்ளங்கையில வச்சுத் தாங்குனாரு. தலவலின்னா மதுரையில இருந்து டாக்டரு வருவாரு. அந்தம்மா எதுக்கும் வெளிய போக வேண்டியதே இல்ல.”

பேச்சியக்கா பெட்டியைத் தூக்கி வெயிலுக்குக் காட்டினாள். பசை பிடித்திருக்கிறதா என்று பார்ப்பவள்போல.

ஏட்டையாவிடம் துரை என்று ஒரு நாய் இருந்தது. ராஜபாளையம் ஜாதி. பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு, ஓடுவதற்கென்றே நீட்டி இழுத்துச் செய்தது போன்ற உடம்பு. வெள்ளைக்காரத் துரைமார்களுக்குச் சல்யூட் அடித்த கைகளால் அதற்குச் சோறு பிசைந்து வைப்பதால் அந்தப் பெயர் என்று தெருவில் சொல்வார்கள். அவரும் மறுக்கவில்லை. “துரை சாப்பிட்டாரா?” என்று யாராவது கேட்டால், “முட்டை இல்லாமத் தொட மாட்டேங்காரு” என்று பதில் வரும். கோபம் வந்தால் மட்டும் “ஏலே துரை” ஆகிவிடும்.

எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரு முடுக்கு. இரண்டு ஆள் ஒன்றாக நடக்க முடியாத சந்து. அந்த முடுக்கில்தான் துரையின் கூண்டு இருந்தது. எங்கோ ஒரு பழைய காவல் நிலையத்தை இடித்தபோது அதன் லாக்கப் கதவை ஏலத்தில் எடுத்து, அதற்கு ஏற்றாற்போல் மற்ற மூன்று பக்கமும் கம்பி அடித்துச் செய்த கூண்டு. மேலே தகரம். துரை அதற்குள் நிற்கலாம், படுக்கலாம், முதுகை வளைத்துத் திரும்பலாம்.

“இந்தக் கதவுக்கு அங்கிட்டு எத்தன பேர நிப்பாட்டியிருக்கேன். ஒருத்தன் தப்பிச்சதில்ல” என்று கதவைத் தட்டிக் காட்டுவார்.

“துரை என்ன குத்தம் செஞ்சாரு ஏட்டையா?” என்று கேட்டாள் பேச்சியக்கா.

“குத்தம் ஒண்ணும் இல்லம்மா. இது பாதுகாப்புக் காவல்.”

அவர் சிரிக்கவில்லை.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. துரைக்கு முன்னால் அவர் வேறொரு நாய் வளர்த்தார். அதை அவிழ்த்தே விட்டிருந்தார். எங்கள் ஊரில் தீபாவளி மற்ற ஊர்களைப் போல ஒரு நாள் வந்து போவதில்லை. சீசன் தொடங்கியதும் ஒவ்வொரு வெடி ஆபீசும் புதுச் சரக்கைப் பொட்டலில் வெடித்துப் பார்க்கும். சாயங்காலம் திடீரென்று வானம் உடையும். தெரு நாய்கள் வாலை இடுக்கிக்கொண்டு சாக்கடைக்குள் புகும். அப்படி ஒரு சாயங்காலம் அந்த முந்தைய நாய் மிரண்டு ஓடி, விஸ்வநத்தம் ரோட்டில் லாரியில் அடிபட்டுச் செத்தது. அதை அவர்தான் கோணிப்பையில் எடுத்துவந்து புதைத்தார். இதை என்னிடம் சொன்னபோது அவர் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. கை மட்டும் துரையின் கூண்டுப் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆகவே துரை பகலிலும் உள்ளே, இரவிலும் உள்ளே. வாரம் ஒருமுறை குளிப்பாட்ட மட்டும் சங்கிலியோடு தம் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோவார். அப்போது அது கால்களை உதறி உதறி வைக்கும். தேயாமல் வளர்ந்த நகங்கள் சிமெண்டுத் தரையில் ‘கிறுக் கிறுக்’ என்று கேட்கும். நகம் அப்படி வளர்வது நல்ல தீனிக்கு அடையாளம் என்று அவர் நம்பினார்.

பொட்டலில் வெடிச் சோதனை தொடங்கினால், ஏட்டையா எங்கிருந்தாலும் ஓடிவருவார். தயாராக நனைத்து வைத்திருக்கும் கனத்த சாக்குகளைக் கூண்டின் நான்கு பக்கமும் போட்டு மூடுவார். மேலே ஒரு ஜமுக்காளம். சத்தம் உள்ளே போகக்கூடாது. மூடிய கூண்டின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, சாக்கின் வழியாக உள்ளங்கையை வைத்து, “ஒண்ணுமில்ல துரை, ஒண்ணுமில்ல. இன்னும் செத்த நேரந்தான்” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஒருமுறை என் கையைப் பிடித்து அந்தச் சாக்கின்மேல் வைத்தார். உள்ளே கூண்டே அதிரும்படி அது நடுங்கிக்கொண்டிருந்தது.

“பாத்தீகளா, எம்புட்டுப் பயம்னு. இதப்போயி வெளிய விடச் சொல்றாளே அந்தப் பேச்சி.”

அவர் கண் கலங்கியிருந்தது. வளர்ப்புப் பிராணியிடம் இவ்வளவு பிரியம் வைத்த இன்னொருவரை நான் அறியேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

துரை குரைத்துக் கேட்டதில்லை என்பதை நாங்கள் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. “துரை அனாவசியமா வாயத் தொறக்க மாட்டாரு” என்பார். தடியால் கம்பியில் ஒரு தட்டுத் தட்டினால் படுத்திருக்கிற நாய் விருட்டென்று எழுந்து நிற்கும். “சத்தம்னா அம்புட்டுக் கூர்மை” என்று பெருமைப்படுவார்.

இவரே தெருவில் இறங்கினால் வேறொரு ஆள். விருதுநகரிலிருந்து பருப்பு மூட்டை ஏற்றிவந்த மாட்டுவண்டியை ஒருநாள் நடுரோட்டில் மறித்தார். மாட்டின் கழுத்தில் புண். நுகத்தடி அதன் மேலேயே உட்கார்ந்திருந்தது.

“வண்டிய அவுறுலே.”

“ஏட்டையா, நீங்கதான் ரிட்டையர் ஆயிட்டீகளே.”

“நான்தான்லே ரிட்டையரு. சட்டம் ரிட்டையர் ஆகல. அவுறு.”

வண்டிக்காரர் அவிழ்த்தார். மாடு தண்ணீர் குடித்து முடிக்கும்வரை இவர் வெயிலில் நின்றார். கழுத்துப் புண்ணுக்கு வேப்பெண்ணெய் வாங்கிவரச் சொன்னார். சர்வீசில் இருந்தபோதும் அப்படித்தானாம். திருடனைப் பிடித்ததைவிட, பாரம் அதிகம் ஏற்றிய வண்டிக்காரர்களைப் பிடித்ததுதான் அதிகம் என்று கூடவேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்களாம்.

எனக்கு லித்தோ அச்சகத்தில் புரூஃப் திருத்தும் வேலை. வருஷம் பூராவும் சாமி படக் காலண்டரும் வெடி லேபிளும்தான். அந்த வருஷம் மிருகவதைத் தடுப்புக்கான ஒரு சங்கம் சிறு புத்தகம் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. டில்லியில் புதிதாக நிறைவேறியிருந்த மிருகவதைத் தடைச் சட்டத்தை எளிய தமிழில் விளக்கும் புத்தகம். அடிப்பது, பட்டினி போடுவது, அதிகப் பாரம் ஏற்றுவது எல்லாம் பழைய சங்கதிகள். நாயைப் பற்றிப் படித்த இடத்தில்தான் என் பேனா நின்றது. குட்டையான சங்கிலியிலோ கனத்த சங்கிலியிலோ நெடுநேரம் கட்டிவைப்பதும் குற்றம். எந்நேரமும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாயை உலாவக் கூட்டிப் போகாமல் விடுவதும் குற்றம். திரும்ப அசையக்கூட இடமில்லாத கூண்டில் வைப்பதும் குற்றம். எழுத்துப்பிழை பார்க்க வேண்டிய நான் அந்தப் பத்தியை வெறுமனே திரும்பத் திரும்பப் படித்தேன்.

புத்தகத்தில் ஒரு பிரதியை ஏட்டையாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். முகம் மலர்ந்தது.

“எங்க காலத்துல மாட்டுக்குத்தான் தம்பி கேஸ் எழுதுவோம். நாய்க்கும் வந்திருச்சா. பேஷ்.”

மறுநாள் காலையில் முதல் வேலையாக, கடைத்தெருவில் மாடிப்படிக்குக் கீழே முழச் சங்கிலியில் நாயைக் கட்டிவைத்திருந்த பலசரக்குக் கடைக்காரரிடம் போய்ச் சண்டை பிடித்தார். சட்டத்தைப் படித்துக் காட்டினார். சங்கிலியை நீளமாக்கிவிட்டுத்தான் திரும்பினார். அந்தச் செய்தியைச் சந்தோஷமாக என்னிடம் சொன்னபோது அவர் சாய்ந்திருந்தது துரையின் கூண்டில்.

நான் தயங்கித் தயங்கி, “நம்ம துரைக்கும் அந்தச் சட்டம்...” என்று இழுத்தேன்.

அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே யோசித்தார்.

“தம்பி, நீங்க படிச்சவுக. இந்தச் சட்டம் யாருக்கு? கவனிக்காதவனுக்கு. நான் கவனிக்கலையா? முட்டை வைக்கலையா, குளிப்பாட்டலையா? வெடிச்சத்தம் கேட்டா ராத்திரி பகலுன்னு பாக்காம பக்கத்துல உக்காரலையா? அவன் பயந்தவன். பயந்தவனுக்கு வெளிய போறதுதான் கொடுமை.”

அவர் கேட்டதில் தவறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. எடுத்துச் சொல்லத்தான் தெரியவில்லை.

என் மகள் எஸ்தர் இந்த வருஷம் பாளையங்கோட்டையில் கல்லூரி விடுதிக்குப் போகிறாள். இனி எழுதப்போவது நடந்தபோது அவளுக்கு ஒன்பது வயது இருக்கும்.

சீசன் காலத்துச் சனிக்கிழமை அது. ஏட்டையா ஏதோ ஒரு பழைய வழக்கில் சாட்சி சொல்ல விருதுநகருக்குப் போயிருந்தார். தாம் இல்லாத நேரத்தில் பொட்டலில் சோதனை வைத்துவிட்டால் என்ன செய்வது என்று காலையிலேயே ஈரச் சாக்குகளால் கூண்டை மூடிவிட்டு, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினார். என் மனைவி சபையில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். எஸ்தர் பேச்சியக்கா வீட்டில் இருந்தாள். ஒட்டிய பெட்டிகளும் ஒட்டாத மரச்சீவல் கட்டுகளும் முடுக்கு நெடுக வெயிலில் பரப்பியிருந்தன. மத்தியானம் பசை காய்ச்சிய அடுப்பிலிருந்து ஒரு கங்கு காற்றில் வந்து விழுந்திருக்க வேண்டும். காய்ந்த சீவல். கேட்கவா வேண்டும்.

அச்சகத்துக்கு ஆள் ஓடிவந்து சொன்னதும் செருப்பில்லாமல் ஓடினேன். தெருமுனையிலேயே புகை. ஆட்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஏட்டையாவின் கிணறு பூட்டியிருந்ததால் தண்ணீருக்கு அடுத்த தெருவுக்கு ஓட வேண்டியிருந்தது. பேச்சியக்கா தலையில் அடித்துக்கொண்டு, “பிள்ள உள்ள நிக்கா, அண்ணாச்சி. எம் பேச்சக் கேக்க மாட்டேங்கா” என்றாள்.

முடுக்குக்குள் நுழைந்தேன். பக்கச் சுவரில் தீ ஏறிக்கொண்டிருந்தது. எஸ்தர் கூண்டுக்கு முன்னால் நின்றாள். சாக்குகளை இழுத்துத் தள்ளியிருந்தாள். ஈரச் சாக்கு என்பதால்தான் தீ அதுவரை கூண்டைத் தொடவில்லை. ஓரங்கள் காய்ந்து புகைந்துகொண்டிருந்தன. நாய் மூலையில் சுருண்டு, சுவரைப் பார்த்துத் தலையைப் புதைத்துக் கிடந்தது. “துரை, துரை” என்று இவள் தொண்டை கிழியக் கத்தினாள். அது அசையவில்லை. செத்துவிட்டது என்றே நினைத்தேன். இவள் கம்பிக்குள் கையை விட்டு அதன் முதுகைத் தொட்டாள். உடனே அது தலையைத் திருப்பி இவளைப் பார்த்தது. எழுந்து இவள் கையருகே வந்தது.

நான் அவளைப் பிடித்து இழுத்தேன். அவள் கம்பியை விடவில்லை. “அதையும் கூட்டிட்டு வாங்கப்பா” என்றாள். அம்மிக் குழவியை யாரோ கொண்டுவந்தார்கள். நான் பூட்டின் மேல் போட்டு அடித்தேன். பூட்டு நசுங்கியது, திறக்கவில்லை. புகையில் கண் தெரியவில்லை. ஒரு கையில் என் மகள், மறு கையில் குழவி. எதை விடுவது என்று தெரியாமல் நான் நின்ற அந்தச் சிறிது நேரம், வெளியே வர வழியில்லாமல் இருந்தது நானா அந்த நாயா என்று சொல்லத் தெரியாது. பிறகு நாலைந்து ஆட்கள் கம்பியில் கயிறு கட்டி, கூண்டையே கவிழ்த்து, சர்ரென்று தெருவுக்கு இழுத்துப் போட்டார்கள். அதோடு சேர்ந்து நாங்களும் வெளியே வந்து விழுந்தோம்.

தீ அணைந்தது. எஸ்தரின் முழங்கைக்குக் கீழே, சூடேறிய கம்பி பட்ட இடத்தில் தோல் வழன்றிருந்தது. மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் வந்து மருந்து போட்டுக் கட்டினார். அவளை வீட்டுக்குள் அழைத்தேன். வரவில்லை. நடுத்தெருவில், பூட்டிய கூண்டுக்குள் துரை உட்கார்ந்திருந்தது. மாட்டுவண்டிகள் சுற்றிக்கொண்டு போயின. நெருப்பிலிருந்து காப்பாற்றிவிட்டோம், கூண்டிலிருந்து முடியவில்லை. அத்தனை பேரும் விருதுநகர் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம்.

வெயில் சாயும் நேரத்தில் பொட்டலில் சோதனை தொடங்கியது. முதல் வெடிக்குக் காக்கைகள் கூட்டமாக எழும்பின. தெரு நாய்கள் ஊளையிட்டுக்கொண்டு ஓடின. துரை தன் பாதத்தை நக்கிக்கொண்டிருந்தது. அடுத்தது இன்னும் பெரிய வெடி. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. துரை நக்குவதை நிறுத்தவில்லை. நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கூண்டருகே வந்து குனிந்து பார்த்தார்கள்.

“அதுக்குக் காது கேக்காதுப்பா” என்றாள் எஸ்தர்.

அப்போதுதான் ஏட்டையா தெருமுனையில் திரும்பி ஓடிவந்தார். எரிந்த முடுக்கை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. வெடிச்சத்தம்தான் அவர் காதில். தோளிலிருந்த பெரிய துண்டை உதறிக் கூண்டின் மேல் போட்டு, “ஒண்ணுமில்ல துரை, ஒண்ணுமில்ல” என்று மூடினார். துண்டு விழுந்து இருட்டிய அந்த நொடியில் கூண்டு கடகடவென்று அதிரத் தொடங்கியது.

எஸ்தர் போய்த் துண்டை எடுத்தாள். நடுக்கம் நின்றது. பொட்டலில் இன்னொரு வெடி போட்டார்கள். துரை அவரைப் பார்த்து வாலை ஆட்டியது.

அவர் துண்டை வாங்கி மறுபடியும் போட்டார். நடுங்கியது. எடுத்தார். நின்றது. தெரு முழுதும் பார்த்துக்கொண்டிருக்க, விளையாட்டுக் காட்டுகிற ஆளைப்போல, போடுவதும் எடுப்பதுமாக நின்றார்.

“அப்ப இம்புட்டு வருசமா அவனுக்கு எதுக்குப் பயம்?” என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

“நீங்க மூடுறதுக்குத்தான் தாத்தா” என்றாள் எஸ்தர். குற்றம் சொல்லும் குரல் அல்ல. பள்ளிக்கூடத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற குரல்.

அவர் சாவியை எடுத்தார். நான் அடித்து நசுக்கிய பூட்டுக்குள் சாவி போகவில்லை. லேத்துப் பட்டறை ஆள் வந்து ரம்பத்தால் அறுத்துத்தான் திறந்தார். ஒருத்தனும் தப்பாத கதவு என்று யாரும் அப்போது கேலி பேசவில்லை. பேச்சியக்காகூட.

இரண்டு நாள் ஏட்டையா வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அடுத்த நாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனார். தம் மேலேயே புகார் கொடுக்க. நாயை உலாவ விடாமல் அடைத்துவைத்ததாக, அந்தப் புதுச் சட்டத்தின்கீழ். ஸ்டேஷன் ரைட்டர் சிரித்தாராம்.

“வாதியும் நீங்க, பிரதிவாதியும் நீங்க. சாட்சி யாரு ஏட்டையா?”

“பக்கத்து வீட்டுப் பிரஸ்காரர்.”

டீ வாங்கிக் கொடுத்து, சைக்கிளில் ஆளைக் கூட அனுப்பி வீட்டில் விட்டுவிட்டார்கள். வந்தவர் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்தார்.

“வண்டிக்காரன் மேல எத்தன கேஸ் எழுதியிருக்கேன். ஒருத்தன் சிரிச்சதில்ல. என் கேசுக்கு மட்டும் சிரிக்கானுக தம்பி.”

கூண்டைப் பழைய இரும்புக்குப் போட்டார். ஆனாலும் துரையை அவிழ்த்துவிட முடியவில்லை. லாரி வருவது அதற்குக் கேட்காது. நூல் கயிறு ஒன்றைத் தம் தோல் வாரில் கட்டிக்கொண்டு, காலையும் மாலையும் அதன் பின்னால் நடந்தார். அது ஓடப் பிறந்த நாய். இவருக்கோ முழங்கால் வீக்கம். தெருவில் யார் யாரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று சொல்ல முடியாதபடி இழுபட்டுப் போவார். ஒருநாள் விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டார். மறுநாளும் போனார்.

தீக்குப் பிறகு என் வீட்டிலும் ஒரு மாற்றம். முடுக்குப் பக்கக் கதவை ஆணி அடித்து மூடிவிட்டேன். எஸ்தர் பள்ளிக்குப் போகலாம், ஆராதனைக்குப் போகலாம், இரண்டுக்கும் என்னோடு. பேச்சியக்கா வீடு கிடையாது. தெரு விளையாட்டு கிடையாது. “எம்புட்டு நாளைக்கு இப்படி?” என்று என் மனைவி கேட்டாள். அந்தக் கைக் கட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் புகை மணத்தது. சாயங்காலம் ஆனால் எஸ்தர் ஜன்னலருகே போய் உட்கார்ந்துகொள்வாள்.

அந்த நாட்களில்தான் ஏட்டையா துரையோடு வந்து வாசலில் நின்றார். உதட்டில் காயம் ஆறியிருக்கவில்லை.

“தம்பி, ஒரு ஒத்தாசை. பாப்பாவ எங்கூட அனுப்புவீகளா? துரைக்கு அவள நல்லாத் தெரியும். அவ கயித்தப் பிடிச்சா நின்னு நின்னு போவான். எனக்கு இழுத்துப் பிடிக்கத் தெம்பு இல்ல.”

ஜன்னலில் எஸ்தர் எழுந்து நிற்பது எனக்குத் தெரிந்தது.

“வேண்டாம் ஏட்டையா. ரோட்டுல லாரி. சீசன் நேரம். எங்க எது வெடிக்கும்னு யாரு கண்டா. வீட்டுக்குள்ள இருந்தா நமக்கும் நிம்மதி.”

அவர் மறுத்துப் பேசுவார் என்று நினைத்தேன். இவ்வளவும் பார்த்த மனிதர் அல்லவா. ஏதாவது சொன்னால் அதற்குச் சொல்லப் பதிலும் வைத்திருந்தேன்.

அவர் என் தோளைத் தட்டினார். முகத்தில் பழைய தெளிவு வந்திருந்தது.

“சரியாச் சொன்னீக. நான்தான் யோசிக்காமக் கேட்டுட்டேன். பிள்ளை உள்ளயே இருக்கட்டும். உள்ள இருக்கிறவரைக்கும் நம்ம பொறுப்பு.”

மனசாரச் சொன்னார். குத்தலே இல்லை. போகிற போக்கில், பழக்கத்தில், எங்கள் கதவின் நாதாங்கியைத் தொட்டு இழுத்துப் பார்த்துவிட்டுப் படியிறங்கினார்.

அந்த நாதாங்கி அசைந்த சத்தம் எனக்குள் எங்கோ இறங்கியது. அவர் தெருவில் கால் வைப்பதற்குள், “எஸ்தர்” என்று கூப்பிட்டேன். “தாத்தா கூடப் போயிட்டு வா.”

அவள் செருப்பைத் தேடவில்லை. கட்டுப் போடாத கையால் கயிற்றை வாங்கிக்கொண்டாள். துரை முன்னால், அவள் நடுவில், அவர் நொண்டிக்கொண்டே பின்னால். நான் படியில் நின்றேன். கூட ஓட வேண்டும்போல் இருந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். தெரு முடிந்து பெரிய ரோடு தொடங்கும் இடத்தில் வெடி ஆபீஸ் லோடு லாரி ஒன்று திரும்பியது. ஏட்டையா, கேட்காத நாயைப் பார்த்து, “ஏலே துரை, லாரி வருது, ஓரமா வா” என்று கத்தினார்.

எஸ்தர் கயிற்றைச் சுண்டி ஓரமாக இழுத்தாள். லாரி போனது. புழுதி அடங்கியபோது மூன்று பேரும் இன்னும் நடந்துகொண்டிருந்தார்கள்.